தயிரும் உடல் நலமும்

தோற்றுவாய்

கையிலுள்ள பொருளின் அருமையை மறந்து, தொலைவிலுள்ளதனை நாடித் திரிதல் மக்களது இயல்பு. "வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதா?" என்று நம் நாட்டு முதியோர் கேட்பர். அவ்வெண்ணெய்க்கும் நெய்க்கும் தாயாய் நிற்பது தயிர். அத்தாயை நாம் எங்ஙனம் போற்றுகின்றோம் என்பதனை அறியவேண்டின், நம் விடுதி உணவறையில் ஒரு நண்பகல் அமர்ந்து நோக்குதல் போதும். உணவு முடியுந் தறுவாயில் தயிர்க் கலம் வலம் வருங்கால், "எனக்கு வேண்டா" என்று கைகாட்டி எழுவார் பலர். எழுந்தவருட் சிலர் நேரே கடைக்குச் சென்று, வண்ணமும் சருக்கரையும் கலந்த நீர் நிரம்பிய புட்டியொன்றினை விலை கொடுத்து வாங்கிப் பருகுவர். இவ்விரு செயல்களையும் அடுத்தடுத்துக் கண்ட அன்றே இக்கட்டுரை எழுதவேண்டும் என்னும் எண்ணம் எனக்கு எழுந்தது.

எனினும், அஃதொன்றே காரணமன்று. தயிரை இகழ்ந்தமையால் ஒன்றும், அதனை அளவிறந்து புகழ்ந்தமையால் ஒன்றுமாக, இரண்டு இடர்கள் என் சுற்றத்தாரிடையே நேர்ந்ததனை யான் கண்டிருக்கின்றேன். அவற்றைப் பின்னர்க் கூறுவேன். தயிரை நாள்தோறும் உண்பதனால் உடற்கு உறும் நன்மை யாது? அந்நன்மைக்கு எல்லை யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியத்திற் காணும் தயிர்

தமிழ் பயில்வான் ஒருவன் தயிரைப் பற்றி எழுதப் புகுந்து, சங்கச் சான்றோரை மறத்தல் ஆகாது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், தமது பெரும்பாணாற்றுப்படையில் முல்லை நிலத்து ஆய்மகள் ஒருத்தியின் ஒரு நாள் வாழ்வினை அழகுற விரித்துரைக்கின்றார். புள்ளினங்கள் துயிலுணரும் விடியற்காலத்தே அவள் எழுகின்றாள். உறைந்த தயிரை மத்திட்டுக் கடைகின்றாள். மோர்ப் பானையைத் தலைமேற் சுமந்து ஊர் தோறும் சென்று விற்று, அதற்கு விலையாகப் பெற்ற கூலத்தால் தன் சுற்றத்தாரை உண்பிக்கின்றாள். நெய்க்குப் பொன் கொடுப்பினும் கொள்ளாது, எருமையும் பசுவும் கன்றுமாகவே அவள் பெறுகின்றாள் என்று புலவர் கூறுகின்றார். உறைந்த தயிரின் தோற்றத்திற்கு அவர் காட்டும் உவமை காளானது வெண்மையான முகை. தயிர்க் கலத்தை உற்று நோக்கியவர்க்கன்றி இவ்வுவமை வாயாது.

குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் காட்டும் இல்லற ஓவியமும் நாமறிந்ததே. புதிதாக மணம் புரிந்துகொண்ட தலைவி, தன் மெல்விரல்களால் முற்றிய தயிரைப் பிசைகின்றாள். தாளிப்புப் புகை கண்களிற் படிய, தானே புளிப்புக் குழம்பினைச் சமைக்கின்றாள். கணவன் இனிதென்று கூறி உண்ண, அவள் முகம் நுண்ணிதின் மலர்கின்றது. செல்வ மனையிற் பிறந்த செவிலி வளர்த்த மகள், கணவன் மனையில் தானே செய்த சிறப்புணவு தயிராலாயது என்பது ஈண்டு நோக்கத் தக்கது.

இனி, சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மற்றொரு செய்தி உளது. மதுரைப் புறஞ்சேரி ஆய்ச்சியரது குடத்திலிட்ட பால் உறையவில்லை. அதனைக் கண்ட மாதரி, தீமை வரப்போகின்றது என அஞ்சிக் குரவையாடத் துணிகின்றாள். பால் உறைதல் ஒழுங்கான வாழ்வின் அடையாளம்; உறையாமை உலகம் நிலைகுலைவதன் அடையாளம் என அன்றைய மக்கள் கருதினர். இன்று ஒரு மனையிற் பால் உறையாவிடின், நாம் அதனைத் தீக்குறியென்று கொள்ளவேண்டுவதில்லை. உறைமோர் உயிரற்றதாயிருக்கலாம், பால் அளவுக்கு மிஞ்சிய சூட்டிலோ குளிரிலோ இருந்திருக்கலாம், கறவை நோயுற்றபொழுது அதற்கு ஊட்டிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பாலிற் கலந்திருக்கலாம். ஆயினும், பால் உறையாத குடத்தைக் கண்டு "யாது குறை?" என வினவும் அவ்வுள்ளம் போற்றத் தக்கதே. ஆராய்ச்சி என்பது அவ்வினாவிலிருந்தே பிறக்கின்றது.

பால் தயிராகும் வகை

பாலில் நீரும், கொழுப்பும், புரதமும், தாதுப் பொருள்களும், ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு பாற்சருக்கரையும் உள்ளன. புரதத்துள் ஐந்தில் நான்கு பங்கு கேசீன் எனப்படும். காய்ச்சிய பால் கை பொறுக்குஞ் சூட்டிற்கு ஆறியபின், நம் தாய்மார் சிறிது உறைமோரை அதனிற் கலக்கின்றனர். சில ஊர்களில் இதனைப் பிரை என்றும் வழங்குவர். அச்சிறு கரண்டி மோரில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளன. அவை பாற்சருக்கரையை உண்டு, லாக்டிக் அமிலம் என்னும் புளிப்பினை வெளியிடுகின்றன.

புளிப்பு ஏற ஏறப் பாலின் இயல்பு மாறுகின்றது. புளிப்பின் அளவைக் காட்டும் பி.எச். எண் புதுப் பாலில் 6.6 அளவில் இருக்கும். புளிப்பு மிகுங்கால் அவ்வெண் குறையும். அது 4.6-ஐ அணுகும்பொழுது, அதுகாறும் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே மிதந்த கேசீன் துகள்கள், தம்முட் பிணைந்து வலைபோல் ஆகின்றன. அவ்வலையின் கண்களில் நீரும் கொழுப்பும் அகப்பட்டுக்கொள்ள, பால் அசைவற்றுத் தயிராகின்றது. கொதிக்கின்ற பாலில் உறைமோரை ஊற்றின் நுண்ணுயிர்கள் மடியும். மிகக் குளிர்ந்த பாலில் ஊற்றின் அவை சோம்பிக் கிடக்கும். விரலை விட்டுச் சூடு பார்க்கும் நம் அன்னையர்தம் அளவை, கருவியின் அளவைக்குப் பெரிதும் தாழ்ந்ததன்று.

இப்புளிப்பின் வரலாறும் சுவையுடையது. 1780-இல் ஷீலே என்னும் வேதியியலறிஞர் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். புளிப்பேறுதல் உயிருள்ள நுண்பொருள்களின் தொழிலே என்று 1857-இல் பாஸ்டர் விளக்கினார். 1905-இல் பல்கேரிய நாட்டினராகிய ஸ்டாமென் கிரிகோரோவ், ஜெனீவா நகரில் மருத்துவம் பயின்றபொழுது, தம் நாட்டுத் தயிரை நுணுக்கிக் காட்டியின் கீழ் வைத்து ஆராய்ந்து, அதனைப் புளிக்கச் செய்யும் கோலுருவான நுண்ணுயிரினைக் கண்டறிந்தார். அதற்குப் பல்கேரிகஸ் என்னும் பெயர் வழங்கலாயிற்று. உலகம் முழுவதும் பேசப்பெறும் இக்கண்டுபிடிப்பினைச் செய்தவர் நம்மைப் போன்றதொரு மாணவரே என்பது நமக்கு ஊக்கமளிக்கத் தக்கது.

மேனாட்டார் யோகர்ட் என வழங்கும் தயிரில் பல்கேரிகஸும், தெர்மோபிலஸ் என்னும் மற்றொரு நுண்ணுயிரும் சேர்ந்து தொழில் செய்கின்றன. முன்னது புரதத்தைச் சிதைத்துப் பின்னதற்கு உணவு தருகின்றது; பின்னது ஃபார்மிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் தந்து முன்னதனை வளர்க்கின்றது. இரண்டும் தனித்து வாழுங்கால் செய்யும் தொழிலினும் கூடி வாழுங்கால் செய்யும் தொழில் விரைவுடையது. நம் வீட்டுத் தயிரிலோ இனங்கள் இன்னவையே என அறுதியிட்டுரைத்தல் அரிது. ஊருக்கு ஊர், மனைக்கு மனை அவை வேறுபடும். ஒரு வீட்டுத் தயிரின் சுவை மற்றொரு வீட்டுத் தயிரில் அமையாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மெச்னிகாவ் கண்ட கனவு

தயிரின் புகழை மேனாடெங்கும் பரப்பியவர் எலீ மெச்னிகாவ் என்னும் பேரறிஞர். 1845-இல் கார்கிவ் நகரை அடுத்த பகுதியிற் பிறந்த இவர், பின்னர்ப் பாரிஸ் மாநகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சிக் கழகத்திற் பணியாற்றினார். நம் குருதியிலுள்ள சில அணுக்கள் நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன என்னும் உண்மையை நிலைநாட்டியதற்காக 1908-இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார்.

முதுமைக்குக் காரணம் பெருங்குடலில் உணவு அழுகுதலும் அதனாற் பிறக்கும் நஞ்சுமே என்று அவர் எண்ணினார். புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் குடலிற் குடியேறி அவ்வழுகலைத் தடுக்கும் என்றும், பல்கேரிய உழவர் நெடுநாள் வாழ்தற்குத் தயிரே காரணமாகலாம் என்றும் கருதினார். 1904-இல் பாரிஸில் முதுமையைப் பற்றி அவர் ஆற்றிய விரிவுரைக்குப் பின், தயிர் மீது மக்கள் பேரார்வம் கொண்டனர். 1919-இல் ஐசக் கரசோ என்பவர் பார்சிலோனாவில் டானோன் என்னும் தயிர்த் தொழிலகத்தை நிறுவியபொழுது, அத்தயிர் முதற்கண் விற்கப்பட்ட இடம் மருந்துக் கடை என்பது கருதத் தக்கது. உணவு மருந்தாக மதிக்கப்பட்ட காலம் அது.

மெச்னிகாவ் தாமும் நாள்தோறும் புளித்த பாலை உண்டு வந்தார். எனினும் 1916-இல், தமது எழுபத்தோராம் அகவையில், இதய நோயால் உயிர் நீத்தார். பின்னர், ஏல் பல்கலைக்கழகத்து ரெட்கர் என்பார் தம் மாணவருடன் ஆராய்ந்து, பல்கேரிகஸ் மக்கட் குடலில் நிலைத்துக் குடியேறுவதில்லை என 1921-இல் வெளியிட்டார். ஆகவே, மெச்னிகாவ் கண்ட கனவு அவர் கண்டபடியே நனவாகவில்லை. ஆயினும், குடலில் வாழும் நுண்ணுயிர்கட்கும் நம் நலத்திற்கும் தொடர்புண்டு என்னும் அவரது அடிப்படை எண்ணம் பொய்யாகவில்லை. அதனை இன்றும் அறிஞர் பலர் ஆராய்ந்து வருகின்றனர். பெரியோர் கூறிய ஒன்று முழுதும் மெய்யென்றோ முழுதும் பொய்யென்றோ கொள்ளாது, பகுத்துக் கொள்ளுதல் வேண்டும் என்பதற்கு இவ்வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டு.

தயிரால் உறும் நன்மைகள்

முதலாவது, செரிமானம். பாற்சருக்கரையைச் செரிப்பதற்கு லாக்டேஸ் என்னும் நொதி வேண்டும். குழவிப் பருவத்தில் எல்லார்க்கும் அது போதிய அளவில் சுரக்கும். வளர்ந்தபின் உலக மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர்க்கு அது குறைந்துவிடுகின்றது. இக்குறை வடநாட்டாரினும் தென்னாட்டாரிடம் மிகுதி. இத்தகையோர் பாலருந்தின் வயிறு உப்பும், இரையும், சிலர்க்குப் போக்கும் உண்டாம். பால் தயிராகுங்கால் பாற்சருக்கரையின் ஒரு பகுதி குறைந்துவிடுகின்றது. எஞ்சியதனைச் செரிக்கவும் தயிரிலுள்ள நுண்ணுயிர்களின் நொதியே குடலில் உதவுகின்றது. தயிர் கெட்டியாயிருத்தலின் குடலில் மெல்லச் செல்லுதலும் துணையாகின்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பலவகைச் சான்றுகளையும் ஆராய்ந்து, 2010-இல் இந்நன்மையை உண்மையென ஏற்றது. ஆயின், ஒரு கிராம் தயிரில் பத்துக் கோடி உயிருள்ள நுண்ணுயிர்களேனும் இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தது. பால் ஒவ்வாத வயிற்றுக்குத் தயிர் ஒத்தல் இதனாலேயாம்.

இரண்டாவது, எலும்பின் உறுதி. நூறு கிராம் தயிரில் ஏறத்தாழ 120 முதல் 150 மில்லிகிராம் வரை சுண்ணாம்புச் சத்து உளது. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் அறிவுறுத்தியது. நண்பகலில் ஒரு கிண்ணமும் மாலையில் ஒரு கிண்ணமுமாக முந்நூறு கிராம் தயிர் உண்பார், அத்தேவையில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாது பெறுவர். எலும்பு திண்மை பெறுங் காலம் இளமைப் பருவமே. இருபதை அணுகும் நாம் இன்று சேர்ப்பதனையே அறுபதில் செலவிடப் போகின்றோம்.

மூன்றாவது, புரதமும் உயிர்ச்சத்தும். நூறு கிராம் தயிரில் மூன்று முதல் மூன்றரை கிராம் வரை புரதம் உளது. அரிசியின் புரதத்திற் குறைந்து காணப்படும் லைசீன் என்னும் பகுதி பாற் புரதத்தில் மிகுதி. ஆகவே, சோற்றொடு தயிரைப் பிசைந்துண்ணுங்கால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. தயிர்ச் சோறு ஏழையின் எளிய உணவெனினும், அறிவிற் சிறந்த கூட்டாகும். மேலும், ஊனுண்ணாதார்க்குக் கிடைத்தற்கு அரிய பி-12 என்னும் உயிர்ச்சத்தும் தயிரில் உளது. ஆனால், இரும்புச் சத்தும் சி உயிர்ச்சத்தும் அதனில் மிகக் குறைவு. அவற்றைக் கீரையினும் நெல்லிக்கனியினும் பிறவற்றினும் தேடல் வேண்டும்.

நான்காவது, நோய்த்தடை. தயிரை ஒழுங்காக உண்பாரிடையே இரண்டாம் வகை நீரிழிவு சற்றுக் குறைந்து காணப்படுகின்றது எனச் சில ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கிழமைக்கு இரண்டு கிண்ணமேனும் தயிர் உண்பதனால் அந்நோய் வருதல் குறையலாம் என்று தயிர் விற்போர் கூறிக்கொள்ளுதலை 2024-இல் தடுக்காது விட்டது. ஆயின், அதற்குரிய சான்று வரம்புடையது என்னும் குறிப்பினையும் உடன் கூறவேண்டும் என்றது. தயிருண்பார் பிற நல்வழக்கங்களும் உடையராயிருத்தல் கூடுமாதலின், நன்மை முழுவதனையும் தயிரின் மேலேற்றல் இயலாது. "வரலாம்", "குறையலாம்" என்னும் சொற்களை "வரும்", "குறையும்" என மாற்றிப் பரப்புவதே இன்று நாம் காணும் பெருங்குறை.

இருவேறு பிழைகள்

தோற்றுவாயிற் சுட்டிய இரு நிகழ்ச்சிகளையும் இனிக் கூறுவேன். சென்ற கோடை விடுமுறையில் யான் என் ஆச்சியின் ஊருக்குச் சென்றிருந்தேன். என் பெரியம்மையின் பேரன், இரண்டாண்டும் நிரம்பாத குழந்தை, வயிற்றுப் போக்கால் வருந்தினான். ஆச்சி மிக்க அன்புடையவர், அன்பினாலேயே அஞ்சினார். "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், மோர் குளிர்ச்சி, அதைத் தொடவே கூடாது" என்று கட்டளையிட்டார். ஒரு பகலும் ஓர் இரவும் குழந்தைக்கு ஒன்றும் கொடுக்கப்படவில்லை. மறுநாட் காலையில் அவன் கண்கள் குழிந்து, நா வறண்டு, அழுதற்கும் கண்ணீரின்றிக் கிடந்தான்.

அவ்வழியே வந்த கிராமச் செவிலியார் குழந்தையைக் கண்டு திடுக்கிட்டார். அவர் ஆச்சியைக் கடிந்துகொள்ளவில்லை. உப்பும் சருக்கரையும் கலந்த கரைசற் பொடியைக் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரிற் கரைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டச் செய்தார். துத்தநாக மாத்திரையும் கொடுத்தார். பின்னர், "ஆச்சி, தெளிந்த மோரில் ஒரு சிட்டிகை உப்பிட்டு இடையிடையே கொடுங்கள்; பசித்தால் குழைந்த சோற்றில் தயிர் பிசைந்து ஊட்டுங்கள். வெளியே போன நீரை உள்ளே ஊற்றாவிட்டால் பிள்ளை என்ன செய்வான்?" என்றார். மாலைக்குள் குழந்தை சிறுநீர் கழித்தான். அடுத்த நாள் சிரித்தான். உப்பிட்ட தயிர் நீரினை வயிற்றுப்போக்கின்பொழுது வீட்டிற் கொடுக்கத்தக்க நீர்மங்களுள் ஒன்றாக உலக நலவாழ்வு நிறுவனமும் குறித்துள்ளது என்பதனைப் பின்னர்ப் படித்தறிந்தேன். நீடித்த போக்கில் பாலுக்கு ஈடாகத் தயிரைக் கொடுக்கலாம் என்றும் அந்நிறுவனம் கூறுகின்றது. குழந்தையைக் காத்தது முதன்மையாக அக்கரைசல் நீரே. மோர் அதற்குத் துணை நின்றது. ஆயினும், வீட்டிலேயே பானை நிறைய மோர் இருக்க, அதனை நஞ்சென்று அஞ்சி ஒரு குழந்தையை வறள விட்டோமே என்னும் எண்ணம் இன்றும் என்னை விட்டகலவில்லை. யானும் அவ்விரவு அங்கே இருந்தேன், கற்றவன் எனப்பட்டேன், ஒன்றும் கூறாதிருந்தேன்.

மற்றொன்று இதற்கு மறுதலை. என் உறவினர் ஒருவர் நீரிழிவு உடையவர். தயிர் நீரிழிவை நீக்கும் என்று யாரோ எழுதியதனைப் படித்து, அவர் மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தினார். நாள்தோறும் இருவேளை சருக்கரையிட்ட தயிரை மனநிறைவுடன் உண்டார். ஓரிரு திங்களில் காலிற் பட்ட சிறுபுண் ஆறாது பெருகியது. மருத்துவ மனையில் பல நாள் கிடந்து, ஒரு விரலை இழந்து மீண்டார். தயிர் அவர்க்குத் தீங்கு செய்யவில்லை. தயிரைப் பற்றிய பொய்யே தீங்கு செய்தது.

முன்னையது இகழ்ச்சியால் வந்த இடர். பின்னையது புகழ்ச்சியால் வந்த இடர். இரண்டற்கும் வேர் ஒன்றே: பொருளின் அளவறியாமை. செய்யுளில் உயர்வு நவிற்சியைக் கண்டு மகிழும் நாம், உடல் நலம் பற்றி எழுதுங்கால் அவ்வணியைக் கையாளல் தகாது.

சில ஐயங்களும் தெளிவும்

தயிருண்டாற் சளி பிடிக்குமா என்பார் பலர். சளியும் தடுமனும் வைரசு என்னும் நுண்பொருள்களால் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குப் பரவுவன. தயிர் அவற்றைப் பிறப்பிப்பதில்லை. இரவில் தயிருண்ணலாகாது எனப் பழைய மருத்துவ நூல்கள் சில விலக்கியதுண்டு. தேரையரும் மோரை நீர் பெருக்கியே கொள்ளுமாறு நோயணுகா விதியிற் கூறினர். இரவில் உண்டு ஒவ்வாமை காண்பார் அதனைத் தவிர்த்து நண்பகலில் உண்க; ஒத்துக்கொள்வார் அஞ்சவேண்டுவதில்லை. வெப்பம் மிகுந்த நம் நாட்டிற்கு நீர்மோரினும் ஏற்ற பானம் அரிது. இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் சிறிது உப்பும் கூட்டின், வியர்வையால் இழந்த நீரும் உப்பும் ஒருங்கே மீளும். குருதியழுத்தம் உடையோர் மட்டும் உப்பினைக் குறைத்துக்கொள்வாராக.

மோர்க்குழம்பிற் கொதித்த தயிரால் பயனுண்டோ எனின், உண்டு. கொதிப்பினால் நுண்ணுயிர்கள் மடியினும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் எஞ்சும். ஆயினும், நுண்ணுயிர்களின் பயனை வேண்டுவார் சூடாற்றிய சோற்றிலேயே தயிரை ஊற்றல் நன்று.

இனி, தயிரைக் காக்கும் முறை. காய்ச்சாத பாலிற் காசநோய் முதலியவற்றின் கிருமிகள் இருத்தல் கூடுமாதலின், பாலைப் பொங்கக் காய்ச்சியே உறையிடுதல் வேண்டும். செம்பிலும் ஈயம் பூசாத பித்தளையிலும் தயிரை வைத்தால் புளிப்பினால் களிம்பேறி நஞ்சாகும். மண் கலமும், கற்சட்டியும், கண்ணாடியும், எவர்சில்வரும் ஏற்றவை. கடையில் உறையிலிட்டு விற்கும் தயிரை வாங்குவோர், அதனிற் சருக்கரை சேர்க்கப்பட்டுள்ளதா என்பதனையும் நாளினையும் படித்து வாங்குக.

சில மருந்துகளோடு தயிர் பொருந்தாது. டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் முதலிய மாத்திரைகளைச் சுண்ணாம்புச் சத்துப் பிணைத்துக்கொள்ளுமாதலின், அவற்றை உட்கொள்ளுங்கால் தயிருக்கும் மாத்திரைக்கும் இடையே சில மணி நேரம் விடவேண்டும் என்பதனை மருத்துவரிடம் கேட்டறிக. பாற் புரதமே ஒவ்வாதார்க்குத் தயிரும் ஒவ்வாது. அவர் பாற்சருக்கரை செரியாதாரின் வேறு என்க.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், தயிர் செரித்தற்கு எளியது என்பதும், எலும்பிற்கும் தசைக்கும் வேண்டுவன தருவது என்பதும், சோற்றொடு கூடி நிறைவுணவாதற்குத் துணை செய்வது என்பதும், நோயுற்ற காலத்தும் பெரும்பாலும் விலக்கத் தகாதது என்பதும் பெறப்பட்டன. அது முதுமையை ஒழிக்கும் அமிழ்தமன்று, மருந்திற்கு மாற்றுமன்று. நாள்தோறும் ஒன்றிரண்டு கிண்ணம் உண்ணத்தக்க நல்லுணவு. அவ்வளவே, அவ்வளவு தானும் சிறிதன்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அளவினில் நின்ற எளிய பொருளும் அமிர்தமாகும் என்பதனை நாம் அறிதல் வேண்டும்.

அண்மையில் ஆச்சியிடமிருந்து தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. அடுத்த வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப் போக்கு என்று கேட்டவுடன், அவரே மோரைத் தெளித்து உப்பிட்டு எடுத்துக்கொண்டு, கரைசற் பொடியையும் வாங்கி வரச் சொல்லிவிட்டுச் சென்றாராம். எண்பதாண்டு வழக்கத்தினை ஒரு நாளில் மாற்றிக்கொண்ட அம்முதியவரினும், இருபது நிரம்பாத நாம் வழக்கத்திற்கு அடிமையராதல் அழகோ?

மாணவ நண்பர்களே, நாளை நண்பகல் தயிர்க் கலம் உங்கள் இலையருகே வரும்பொழுது, கைகாட்டி எழாது, ஒரு கரண்டி ஏற்றுக்கொள்ளுங்கள். விடுமுறையில் நும்மூர் செல்லுங்கால், இக்கட்டுரையிற் கண்ட செய்திகளுள் ஒன்றையேனும் நும் மனையிலுள்ளாரிடம் கூறுங்கள். கூறவேண்டிய நேரத்தில் வாய் திறவாதிருந்த ஒருவனது வேண்டுகோள் இது.